ஏகாதசி இருந்த நாய்க்குட்டி

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஏதோ ஓர் ஊரில் ஒரு நாய் ஏகாதசியன்று அன்னம் தொடுவதில்லையாம். தட்டில் சோறு இருக்கிறது, நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறது, பின்னால் ஒரு குரல் உருகிக்கொண்டிருக்கிறது. கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பியிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. "என்னடி, மருமகள் வந்ததும் பெருமாளை மறந்துட்டியா?" என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். மறக்கவில்லை. குழுவிலேயே பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாதி எழுதுவதற்குள் நாலு பேர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்லிவிட்டீர்கள். அறுபது தாண்டியும் நமக்குப் பொறுமை வரவில்லை. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

உங்களில் ஏழெட்டுப் பேருக்காவது ஞாபகம் இருக்கும். நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், மார்கழியில், உத்திர வீதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டுப் போனீர்கள். ஒருத்தி அதன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யார் என்று சொல்ல மாட்டேன், இன்று அவள் பேரன் பேத்தி எடுத்தவள். அந்தக் குட்டியின் கதைதான் இது.

அந்த வருஷம் ஐப்பசியில் எனக்கு டைபாய்டு. வீட்டில் வேறு குழந்தைகள் கிடையாது. நாற்பது நாள் பார்லி கஞ்சியும் சாத்துக்குடியுமாக ஒரே அறையில் கிடந்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஜுரம் இறங்கிய அன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்ன வேணும், கேளு" என்றார். நாய்க்குட்டி என்றேன். எங்கள் வீட்டில் நாய் கேட்பதும் கோயில் மடப்பள்ளியில் வெங்காயம் கேட்பதும் ஒன்றுதான். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வீடு பெரியப்பாவினுடையது. அப்பாவுக்கு ஒரே அண்ணா. கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் முன்வரிசையில் நிற்பவர். பெரியம்மா காலமான பிறகு அவருக்கு உலகமே பெருமாளும் ஆசாரமும்தான். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் குமாஸ்தா. அங்கே நாலு பேரை அதட்டுவாராம், சொல்லிக் கேள்வி. வீட்டில் அண்ணாவின் எதிரில் நின்றால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டேதான் பேச்சு வரும். அன்றைக்கும் திருகினார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். வழுக்கை விழுந்த தலையும் குச்சி மாதிரி கையுமாக நான் நின்ற கோலம் அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். "பிழைச்சு வந்த குழந்தை. ஆசைப்படறது. கொல்லையோட நிக்கணும். பெரிய ஏகாதசிக்கு மனுஷா வரதுக்கு முன்னாடி திருப்பிக் கொண்டுபோய் விட்டுடணும். சரிதானே?" என்றார். சரி என்றார் அப்பா. வெளியே வந்ததும் என்னிடம், "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்பாவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடியது.

அப்பாவோடு வேலை பார்த்த ஒரு ஃபிட்டரின் மனைவி பொன்மலை குவார்ட்டர்ஸில் பொமரேனியன் நாய் வளர்த்தார். காலனியில் அவருக்கு நாய்க்கார அம்மா என்றே பேர். கேலியாக வைத்த பேர்தான், அவர் அதைக் கோபமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டார். வீட்டில் ஒரு பெண் நாய், அதற்கு வருஷத்துக்கு ஒரு ஈற்று, அவ்வளவுதான். கடைக்காரர்களுக்குக் கொடுக்க மாட்டார். பிள்ளைகள் இருக்கிற வீடாக, அதுவும் நேரில் பேசிப் பார்த்துத்தான் கொடுப்பார்.

கார்த்திகை தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் மெயின்கார்டு கேட்டில் பஸ் மாறிப் போனோம். செங்கல் குவார்ட்டர்ஸ், வாசலில் வேப்பமரம். உள்ளே நுழைந்ததும் பினாயிலும் ராகிக் கஞ்சியும் ஈரச் சாக்குமாகக் கலந்து ஒரு வாசனை வந்தது. இன்றைக்கும் எங்காவது ராகி கிண்டினால் எனக்கு அந்த வீடுதான் வரும். கட்டிலுக்கடியில் ஐந்து குட்டிகள். அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் கம்பளி நூல். அம்மா நாய் என் பாதத்தை மோந்து பார்த்துவிட்டு, போனால் போகிறாள் என்கிற மாதிரி தும்மியது.

நாய்க்கார அம்மா முக்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். மெலிந்த உருவம், எப்போதும் ஈரக் கை.

"பாப்பா, நீ ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவ?"

"மூணு."

"இதுக்கு நாலு. உன்னைவிட ஒரு வேளை கூட. ஏன்னு சொல்லு பாப்போம்."

நான் குனிந்து கட்டிலுக்கடியைப் பார்த்தேன்.

"இந்த ஜாதிக்கு வயிறு இத்துனூண்டு. ரொம்ப நேரம் தாங்காது. ஒரு வேளை தப்பினா சோந்து போவும். ரெண்டு வேளை தப்பினா தலை தொங்கிடும். அதுக்கப்புறம் என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது. எங்க, திருப்பிச் சொல்லு."

நான் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "சார், உங்க வீட்ல முட்டை புழங்குமா?"

அப்பா இருமினார். "பால், தயிர், நெய் எல்லாம் தாராளமா இருக்கும்மா."

"தயிர் சாதத்துல நாய் உசுரோட நிக்கும் சார். வளராது." கொஞ்சம் யோசித்தார். "சரி, வாரத்துல ரெண்டு நாள் முட்டையை வேக வச்சு எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்து விடறேன். நீங்க எங்க வச்சுக் குடுப்பீங்களோ, அது உங்க பாடு."

அவர் கொடுத்தது நீல நூல் கட்டிய குட்டி. கூடவே மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸ் ஒன்றும் கொடுத்தார். அடியில் பூப்போட்ட கண்ணாடி. வேளைக்கு இரண்டு அவுன்ஸ் கஞ்சி என்று கோடு காட்டினார். அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. பிற்பாடு எத்தனையோ கண்ணாடிச் சாமான் வாங்கினேன், அந்த மாதிரி ஒன்று அகப்படவே இல்லை. பஸ்ஸில் ஒயர் கூடைக்குள் துண்டு போட்டுக் குட்டியை வைத்திருந்தேன். காவேரிப் பாலத்தில் காற்று அடித்தபோது அது என் உள்ளங்கையைச் சப்ப ஆரம்பித்தது. அந்த நாற்பது நாள் காய்ச்சலுக்கும் சேர்த்து எனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன்.

கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு சோப்புப் பெட்டி, அதில் கோணிச் சாக்கு. அம்மா குட்டியைத் தொட மாட்டாள். ஆனால் கொல்லையிலேயே குமுட்டி அடுப்பு வைத்து நாலு வேளையும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அதைத் தொட்டுவிட்டு உள்ளே வரும்போதெல்லாம் எனக்குக் கால் கை கழுவல், பாவாடை மாற்றல். பேர் வைக்கவில்லை. அப்பா ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார், அம்மா கிருஷ்ணா என்றாள், பெரியப்பா நாய்க்கா பெருமாள் பேர் என்றார். அதோடு பேச்சு நின்றது. குட்டி என்றே கூப்பிட்டோம். அதற்கும் அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

புதனும் சனியும் அப்பா சைக்கிளில் வந்து இறங்கும்போது ஹாண்டில்பாரில் மழைக்கோட்டு தொங்கும். அதற்குள் செய்தித்தாள் சுற்றிய முட்டை. அப்பாவும் நானும் கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து உரிப்போம். முட்டை ஓடுகளை வாழைக்கு அடியில் புதைத்துவிடுவோம். அந்த மரத்து வாழைக்காயைப் பெரியப்பா ரசித்துச் சாப்பிட்டார் என்பதை இப்போது சொன்னால் பாவமா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு முட்டை சமாசாரம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மூக்கு என்று ஒன்று இருக்கிறதே.

குட்டி வந்து ஒரு வாரத்தில் சின்ன ஏகாதசி வந்தது. பெரிய ஏகாதசிக்குப் பதினைந்து நாள் முந்தியது. அன்று சனிக்கிழமை. புதன்கிழமை முட்டை வரவில்லை, ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுத்து விட்டிருந்தார் நாய்க்கார அம்மா. சாயங்காலம் நாங்கள் இரண்டையும் அதற்கு ஊட்டிவிட்டோம். வயிறு பலாக்கொட்டை மாதிரி உப்பிக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து அம்மா ஒரு தட்டில் பால் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா கால் கழுவக் கிணற்றடிக்கு வந்தார். குட்டி பாலை மோந்து பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது, சாக்கில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது.

பெரியப்பா சொம்பைக் கீழே வைத்தார். "பாத்தியாடா?" என்றார் அப்பாவிடம். "பாலை வேண்டாங்கறது. இன்னிக்கு ஏகாதசின்னு இதுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். இருவரும் முட்டை மணக்கிற கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம்.

ஏகாதசியன்று, இந்த வீட்டில், நாங்கள் முட்டை கொடுத்தோம் என்று யார் வாயைத் திறப்பது? மறுநாள் காலை கோஷ்டியில் பெரியப்பா இதைச் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. பால்காரர் முதல் பட்டாச்சாரியார் வீட்டு மாமி வரை வந்து பார்த்தார்கள். அடுத்த நாள் ஸ்கூலிலிருந்து நீங்கள் வந்தீர்கள். பெரியப்பாவே சோப்புப் பெட்டியைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார். பழைய கோணிக்குப் பதில் தோய்த்து உலர்த்திய போர்வைத் துண்டு. "இது எங்கயும் போகாது. பூர்வ ஜன்மத்துல யாரோ பாகவதன், என்ன அபசாரம் பண்ணினானோ, இப்படிப் பிறந்திருக்கான்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டாம். கொல்லையிலிருந்து முற்றத்துக்கு வந்தாயிற்று. அப்பா கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நல்லதுக்குத்தான் ஆயிருக்கு. வாயைத் திறக்காதே. திறந்தா குட்டியும் போயிடும், நம்ம மானமும் போயிடும்." நான் தலையை ஆட்டினேன். எனக்கு மானத்தைப் பற்றிக் கவலை இல்லை. குட்டி போகக்கூடாது, அது ஒன்றுதான்.

ஏகாதசிக்கு முந்தின பகல் பத்து உற்சவம் ஆரம்பித்ததும் வீடு நிரம்பியது. மெட்ராஸிலிருந்து அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கினாள். இன்னும் தூரத்து உறவு, அவர்களுக்குத் தெரிந்தவர்கள். கொல்லையில் எந்நேரமும் யாராவது குளித்துக்கொண்டோ துணி உலர்த்திக்கொண்டோ இருந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் பெரியப்பா குட்டியைக் காட்டினார். "பெரிய ஏகாதசி அன்னிக்குப் பாருங்கோ" என்றார். நான் அப்பாவைத் தனியாகப் பிடித்தேன்.

"அப்பா, அன்னிக்கு என்ன பண்றது?"

"விடியக்காலம் முட்டையை உள்ள தள்ளிடலாம். சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அப்புறம் பாத்துக்கலாம்."

முட்டை வரவில்லை. ஃபிட்டர் மனைவியோடு மணப்பாறைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முதல் நாள், தசமி அன்று எங்கள் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடுதான், அடுப்பை மத்தியானத்தோடு அணைத்துவிடுவார்கள். மத்தியானம் நான் அவுன்ஸ் கிளாஸில் அளந்து கஞ்சி கொடுத்தேன். அதுதான் அது சாப்பிட்ட கடைசிக் கஞ்சி.

ஏகாதசி விடியற்காலை எல்லோரும் பரமபத வாசல் சேவித்துவிட்டு வந்தோம். அந்தக் கூட்டத்தில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று தோன்றியது. நெற்றியில் திருமண், கழுத்தில் துளசி, முகத்தில் தூக்கம். குட்டி முற்றத்தில் சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தது. எல்லோரையும் பார்த்து முனகியது. யாரோ ஒருவர் ஒரு வாழைப்பழத்தை நீட்டப் போனார். பெரியப்பா தடுத்தார். "சோதிக்கப்படாது. விரதத்துல இருக்கறவாளைச் சோதிச்சா அபசாரம். ஆரும் எதுவும் வைக்காதீங்கோ."

அந்த ஒரு வார்த்தையில் விஷயம் முடிந்தது. வைத்திருந்தால் ஓடிவந்து தின்றிருக்கும். பெரியப்பாவின் பெருமை போயிருக்கும், குட்டி பொன்மலைக்குப் போயிருக்கும், பிழைத்திருக்கும். வைத்தால்தானே.

காலையில் அது வருகிறவர்கள் பாதத்தையெல்லாம் நக்கியது. "அடியார் திருவடியை விடமாட்டேங்கறது பாரு" என்றாள் அத்தை. முற்றத்தில் அம்மா அரிசி மாவைக் கரைத்துப் பெரிய கோலமாகப் போட்டிருந்தாள். கயிறு எட்டிய மட்டும் அதை நக்கி நக்கி, ஒரு பக்கத்து இழைகள் முழுவதும் காணாமல் போய்விட்டன. "நமஸ்காரம் பண்றது" என்று யாரோ சொல்ல, நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்து, "இவ வளர்த்த குட்டி" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, பிடித்திருந்தது.

நானும் அன்று முழுப் பட்டினி இருப்பேன் என்று அடம்பிடித்திருந்தேன். மத்தியானம் எல்லோரும் அங்கங்கே சாய்ந்தார்கள். அம்மா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். ஒரு பெரிய டம்ளர் நிறையப் பால். "ஜுரம் வந்த உடம்பு, உனக்கு விரதம் ஒண்ணும் வேண்டாம். பாதி நீ குடி. பாதியை அதுக்கு விட்டுடு. ஆரும் முழிச்சுக்கலை, நான் வாசப்பக்கம் பாத்துக்கறேன்" என்றாள்.

முற்றத்துக்கு டம்ளரோடு போனேன். குட்டி எழுந்து நின்றது. வாலை ஆட்டியது. தூணோரம் அத்தை வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அது பாலை நக்கினால் சத்தம் கேட்குமே, அவர் விழித்துக்கொண்டால் எல்லாம் தெரிந்துவிடுமே, குட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களே என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே என் பாதியைக் குடித்தேன். பால் கதகதவென்று இருந்தது, சர்க்கரை போட்டிருந்தாள். மீதியையும் குடித்துவிட்டேன்.

ஐம்பது வருஷமாக அதைப் பயம் என்றே எனக்கு நானே சொல்லிவந்தேன். பயமும்தான். ஆனால் எனக்குப் பசித்தது. அதுதான் நிஜம். அம்மா வந்து கேட்டபோது, "விட்டேன், குடிச்சுது" என்றேன்.

சாயங்காலம் அது உட்கார்ந்திருந்த இடத்திலேயே ஆடியது. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஓடிப்போய் அப்பாவிடம், "அப்பா, தலை தொங்கறது" என்றேன். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பாவிடம் போனார். பொத்தானைத் திருகினார். "அண்ணா, குட்டிக்கு ஒரு வாய் பால் மட்டும்..."

"நாம இத்தனை பேர் இருக்கோமேடா. விரதம் முடிக்க, காலம்பற பாரணைக்கு எத்தனை நாழிதான் இருக்கு? அது வைராக்கியமா இருக்கறதை நாம கெடுக்கலாமா?"

அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒரு நிமிஷம் நின்றார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் முட்டை என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். திரும்பி வந்து என்னிடம், "காலம்பற முதல் வாய் அதுக்குத்தான்" என்றார்.

துவாதசி காலை அடுக்களையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் மணந்தன. அப்பா கையில் பாலோடு முற்றத்துக்குப் போனார். குட்டி பக்கவாட்டில் கிடந்து ஓடுவதுபோலக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. அப்பா ஊற்றிய பால் வாயோரம் வழிந்தது. பெரியப்பா ஓடிவந்தார். நாயைத் தொடாதவர் அதை மடியில் போட்டுக்கொண்டு வாயில் துளசியும் தீர்த்தமும் விட்டார். மற்றவர்கள் சாப்பிட உட்காருவதற்குள் உதைப்பது நின்றுவிட்டது.

பெரியப்பா அழுதார். நிஜமாகவே அழுதார். "துவாதசியில பிராணன் போறது. மனுஷாளுக்குக் கிடைக்குமா இது" என்றார். வீதியே திரண்டு வந்தது. பூப்போட்டுக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் அழுததைப் பார்த்து அத்தை, "அழப்படாது, அது பெருமாள்கிட்ட, திருநாட்டுக்குப் போயிருக்கு" என்று கடிந்துகொண்டாள்.

பெரியப்பாவை நான் வெகுகாலம் வெறுத்தேன். காலேஜ் படிக்கும்போதுகூட அவர் எதிரில் சரியாகப் பேசியதில்லை. அவர் சாகும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார், நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். எனக்குக் குழந்தை பிறந்து, அது பாலுக்கு அழுகிற சத்தம் கேட்ட நாட்களில்தான் உறைத்தது. அவர் என்ன செய்வார்? தாம் கண்ணால் பார்த்ததை நம்பினார். அன்று சின்ன ஏகாதசியில் அது ஏன் பாலை ஒதுக்கியது என்று அவருக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒரு வேளை தப்பினால் என்ன ஆகும் என்று பாடம் ஒப்பித்தது ஒரே ஒருத்தி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது அதுதான்.

ஃபிட்டரை அப்பா தினமும் ஒர்க்‌ஷாப்பில் பார்க்க வேண்டும். குட்டி போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அவர் மனைவி எங்கள் இருவரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஏகாதசிக்குப் பின்னால் வருகிற இராப்பத்து முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். கட்டிலுக்கடியில் ஒரே ஒரு குட்டி, சிவப்பு நூல் கட்டியது, மிச்சமிருந்தது. அம்மா நாய் என் காலை மோந்தது. இந்தத் தடவை ரொம்ப நேரம் மோந்தது.

"என்ன சார் ஆச்சு?" என்றார் நாய்க்கார அம்மா.

"திடீர்னு சாப்பிடறதை நிறுத்திடுத்தும்மா. என்ன வச்சும் தொடலை. ஒன்றரை நாள்தான்" என்றார் அப்பா. அவர் கை சட்டைப் பொத்தானில் இருந்தது.

அவர் அப்பாவையே பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, நீ சொல்லு. உன்னை நம்பித்தான் குடுத்தேன். அது திங்காம இருந்துச்சா, இல்ல நீங்க யாரும் வைக்காம விட்டீங்களா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வச்சோம். அதுதான் சாப்பிடலை" என்றேன்.

"பாலு கூடவா?"

"பால்கூட."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். குழந்தை பொய் சொல்லாது என்று நினைக்கிற ஜாதி மனுஷி. என் கன்னத்தை ஈரக் கையால் துடைத்துவிட்டார். "அழுவாத. ஒன் மேல தப்பில்ல. குட்டி தானா சோத்த வெறுக்குதுன்னா, அது பொறப்புல வர்ற கோளாறு. நான் கவனிக்காம குடுத்துட்டேன்." எழுந்து சிவப்பு நூல் குட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "எம் பொண்ணுக்குன்னு வச்சிருந்தேன். நீ கொண்டு போ. நான் குடுத்தது சரியில்லன்னா வேற குடுக்கறதுதானே மொற."

உள்ளே கதவோரம் என் வயசுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். நான் வேண்டாம் என்றேன். "பாருங்க சார், அதையே நெனச்சிட்டு இருக்கு புள்ள" என்றார் நாய்க்கார அம்மா.

பிறகு அம்மா நாயைத் தூக்கி மடியில் வைத்து வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். அது அவர் கையை நக்கியது. "இவ ரத்தத்துலதான் ஏதோ இருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே இவளுக்கு ஜோடி சேக்க வேணாம்ங்க. குட்டியே வேணாம். மிச்ச மூணு வீட்டுக்கும் இன்னிக்கே போயி சொல்லிட்டு வந்துடுங்க, குட்டிக்குக் கோளாறு இருக்கலாம், கவனமா பாத்துக்கச் சொல்லி. வேணாம்னா திருப்பிக் குடுத்துடட்டும்" என்றார் தம் கணவரிடம். குரலில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. தெருவில் தாம் சேர்த்த நல்ல பேரைத் தாமே போய் அழித்துவிட்டு வரச் சொல்கிறார். என் வாய்க்குள் எல்லாம் இருந்தது. பால் டம்ளர், முட்டை, பெரியப்பா, எல்லாம். பற்களை இறுக்கிக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் ஸ்டாப்பில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஃபிட்டர் சைக்கிளில் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"அந்த வீடுகள்ல குட்டிங்க நல்லாத்தான் இருக்காம் சார். இருந்தாலும் போய்ச் சொல்லிடறதுதானே நியாயம்?"

"ஆமா, ஆமா. சொல்லிடறதுதான் நியாயம்" என்றார் அப்பா.

ஃபிட்டர் பெடலை மிதித்துக்கொண்டு போனார். பஸ் வர ரொம்ப நேரம் ஆயிற்று. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், நானும் விடவில்லை.